டீலர் இல்லாத போக்கர் மேசையில் பணம் போடப்போகும் நண்பர்களுக்கு

நண்பர்களே,

போக்கர் சீட்டாட்டத்துக்கு ஒரு மின் மேசை, மேசை முழுக்கத் தொடுதிரை, சீட்டுப் பிரித்துக் கொடுக்கும் டீலர் கிடையாது, சீட்டுக்கட்டு வாங்கும் செலவு கிடையாது, பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகளான சிப்ஸை எண்ணும் வேலை கிடையாது, ஒரு மணி நேரத்தில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஆட்டம், அப்புறம் லாபம் வராமல் எங்கே போகும் என்று மாறி மாறி செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறதே என்று சிலர் அந்த மேசை செய்யும் கம்பெனியின் பங்கை வாங்கியும்விட்டீர்கள். நான் கசினோ நடத்தியவன் இல்லை. வார இறுதியில் சீட்டு ஆடுகிறவன், மற்ற நாளில் கணக்குப் பார்க்கிறவன். அந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு சொல்கிறேன், இந்தக் கதை புதிது இல்லை. இருபது வருடத்துக்கு முன்பே ஒருமுறை ஓடி முடிந்த கதை.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் (பெயரே அதுதான், நான் வைக்கவில்லை) 86 டாலர் கட்டி இணையத்தில் தகுதிச்சுற்று ஆடி, உலகப் போக்கர் தொடருக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அதன் பிறகு அமெரிக்காவில் போக்கர் பைத்தியம் பிடித்தது. அதே வருடம் வட கரோலினாவில் போக்கர்டெக் என்ற நிறுவனம் தொடங்கியது. போக்கர்ப்ரோ என்ற பத்துப் பேர் உட்காரும் மின் மேசைதான் அதன் சரக்கு. தலைவர் லைல் பெர்மன், போக்கர் உலகில் எல்லாருக்கும் தெரிந்த ஆள். 2005-இல் பங்கு ஒன்று 11 டாலருக்கு நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தையில் வெளியிட்டார்கள். நீங்கள் இன்று சொல்லும் காரணங்கள் எல்லாம் அன்றைக்கும் சொல்லப்பட்டவைதான்.

2008-இல் லாஸ் வேகஸின் எக்ஸ்காலிபர் கசினோ தன் போக்கர் அறையில் இருந்த டீலர்களை எடுத்துவிட்டு முழுக்க மின் மேசைகளைப் போட்டது. அடுத்த வருடமே திரும்பவும் டீலர், சீட்டு, சிப்ஸ். பென்சில்வேனியாவில் லைட்னிங் போக்கர் என்று இன்னொரு கம்பெனி இதே மாதிரி மேசை செய்தது, பிறகு ஸ்லாட் மெஷின் பக்கம் நகர்ந்துவிட்டது. போக்கர்டெக் 2011-இல் இரண்டரைப் பங்கை ஒன்றாக்கியது, 2014-இல் மல்டிமீடியா கேம்ஸ் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 1.35 டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. முதல் வெளியீட்டில் 10,000 டாலர் போட்டவர் கையில் கடைசியில் மிஞ்சியது 490 டாலர் சொச்சம். ஒன்பது வருடக் காத்திருப்புக்கு!

சரி, மேசை கெட்ட மேசையா? இல்லை. அது செய்கிறேன் என்றதைச் செய்தது. தவறான சீட்டுப் பங்கீடு இல்லை, பணம் எண்ணுவதில் தகராறு இல்லை, டீலருக்கு டிப்ஸ் தர வேண்டியதில்லை. பிரச்சினை எங்கே என்றால், அது தீர்த்துவைத்த சிக்கல் கசினோ முதலாளியின் பெரிய சிக்கலே இல்லை.

போக்கரில் கசினோ ஆடுவதில்லை. நாம் ஒருவருக்கொருவர் ஆடுகிறோம், நடுவில் குவியும் பணத்தில் ஒரு சிறு துண்டை ரேக் என்று கசினோ எடுத்துக்கொள்கிறது. ரவுலட்டிலோ (சக்கரத்தில் பந்து உருட்டும் ஆட்டம்) பிளாக்ஜாக்கிலோ (கசினோவை எதிர்த்து ஆடும் சீட்டாட்டம்) விதியிலேயே கசினோவுக்குச் சாதகமாக ஒரு சாய்வு உண்டு, போக்கரில் அது கிடையாது. ஆட்டத்துக்கு நான்கு டாலர் ரேக், மணிக்கு முப்பது ஆட்டம் என்று வைத்தால்கூட 120 டாலர்தான், அதுவும் ஒவ்வொரு ஆட்டத்திலும் முழு ரேக் விழுந்தால். 2007-இல், அதாவது போக்கர் உச்சத்தில் இருந்தபோது, நெவாடா கசினோக்கள் மொத்தமாக 1,280 கோடி டாலர் அளவுக்கு ஆட்டக்காரர்களிடம் ஈட்டின. அதில் போக்கரின் பங்கு 17 கோடிகூட வரவில்லை. பல கசினோக்களில் போக்கர் அறை என்பது ஆளை உள்ளே வரவழைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி. அந்தச் செலவைக் குறைக்க ஒரு கருவி விற்கிறோம் என்றால், எவ்வளவு பெரிய சந்தை அது?

அப்புறம் சம்பள மிச்சம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வேகஸில் போக்கர் டீலருக்குக் கசினோ கொடுப்பது பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான். நெவாடாவில் 2024 ஜூலை முதல் அது மணிக்கு 12 டாலர். அவருடைய உண்மையான வருமானம் ஆடுகிறவர்கள் தரும் டிப்ஸ். ஆக டீலரை எடுத்தால் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி ஆட்டக்காரனின் பையில்தான் நிற்கிறது. அந்த ஆட்டக்காரனோ நன்றி சொல்லாமல் பக்கத்துக் கசினோவுக்கு எழுந்து போய்விட்டான், ஏனென்றால் அவனுக்கு சிப்ஸை விரலிடையில் உருட்ட வேண்டும், எதிரே இருப்பவன் கை நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும், தோற்றால் திட்டுவதற்கு ஒரு டீலர் வேண்டும். திரையைத் தட்டத்தான் ஆசை என்றால் இப்போது நியூஜெர்சியிலும் மிச்சிகனிலும் வீட்டில் படுத்துக்கொண்டே சட்டப்படி ஆடலாம், கார் எடுத்து, நிறுத்த இடம் தேடி வர வேண்டியதில்லை.

வேகமும் அப்படித்தான். மணிக்கு முப்பது ஆட்டம் நாற்பத்தைந்து ஆனால் ரேக்கும் அதே விகிதத்தில் கூடும், தாளில் பார்க்க அழகுதான். ஆனால் அந்த ரேக் வருவது மேசையில் இருக்கும் அந்தப் பத்துப் பேரின் பணத்திலிருந்து. ஊறுவதற்கு முன்னால் இறைத்தால் கிணறு வற்றும். பொழுதுபோக்குக்கு வரும் மனிதர் நான்கு மணி நேரம் ஆடுவதற்குப் பதில் இரண்டரை மணி நேரத்தில் காலியாகி எழுந்தால், அடுத்த சனிக்கிழமை வருவாரா என்பதுதான் கேள்வி, அந்தக் கேள்வியை முதலீட்டாளர்களுக்குக் காட்டும் எந்தப் படத்தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

நியாயமாகச் சொன்னால் ஒரு இடத்தில் இந்த மேசை அழகாகப் பொருந்துகிறது: சுற்றுலாக் கப்பல். அங்கே ஒரு டீலர் என்றால் சம்பளம் மட்டுமில்லை, ஒரு படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு. இரவில் சில மணி நேரம் மட்டும் ஓடும் ஒரு ஆட்டத்துக்காக அத்தனை பேரைக் கப்பலில் வைத்திருக்க முடியாது. பக்கத்துக் கசினோவுக்கு எழுந்து போகவும் வழியில்லை, சுற்றிலும் கடல்! கனடாவில் வான்கூவரின் ஜாக்பாட் டிஜிட்டல் என்ற நிறுவனம் 2015-இல் போக்கர்ப்ரோ சொத்துகளை வாங்கி, கார்னிவல் போன்ற கப்பல் நிறுவனங்களை நம்பி நின்றதும், பிறகு ஜாக்பாட் பிளிட்ஸ் என்ற புது மேசையைக் கொண்டுவந்ததும் இதனால்தான். ஆனால் 2020 மார்ச்சில் கப்பல்கள் எல்லாம் கரையில் கட்டப்பட்டபோது என்ன ஆனது என்பதையும் யோசியுங்கள், ஒரே வகை வாடிக்கையாளரை நம்பினால் வரும் கதி அது. இப்போது தரைமேல் உள்ள சிறிய கசினோக்களைப் பிடிக்கிறார்கள். டீலர் கிடைக்காமல் போக்கர் அறையையே மூடிவிட்ட ஊர்களில் இந்த மேசைக்கு ஒரு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது சின்ன வியாபாரம். சின்ன வியாபாரத்துக்குப் பெரிய வியாபார விலை கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

"மின் மேசைகள் உலகம் முழுக்க வளர்கின்றனவே" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். வளர்கின்றன, ஆனால் அவை வேறு மேசைகள். ஸ்லோவேனியாவில் பிறந்த இன்டர்பிளாக் போன்றவர்கள் விற்பது மின் ரவுலட், மின் பக்காரா (இதுவும் கசினோவை எதிர்த்து ஆடும் சீட்டாட்டம்). ஒரே டீலரை அல்லது இயந்திரச் சக்கரத்தை வைத்து எத்தனையோ இருக்கைகளை ஓட்டலாம், ஒவ்வொரு பந்தயத்திலும் கசினோவின் சாய்வு வேலை செய்யும், ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்தாலும் ஆட்டம் நடக்கும். போக்கர் மேசையில் எதிரே ஆள் இல்லாவிட்டால் அது விலை உயர்ந்த மேசை விளக்கு. இந்த இரண்டையும் ஒரே புள்ளிவிவரத்தில் போட்டுக் காட்டினால் காட்டுகிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அடுத்த முறை "புதிதாக இன்ன கசினோவுடன் ஒப்பந்தம்" என்று அறிக்கை வந்து, பங்கு விலை இரண்டு நாள் குதித்தால், உடனே வாங்காமல் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போன வருடம் வைத்த மேசைகளில் எத்தனை இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன? ஒரு மேசை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆளோடு ஓடுகிறது, அதில் கம்பெனிக்கு வருவது எவ்வளவு? புதுப் பங்கு வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் எவ்வளவு மேசை செய்யப் போனது, எவ்வளவு அறிக்கை எழுதப் போனது? நேரான பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், நானும் நூறு பங்கு வாங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் சீட்டாட்டக் கணக்குப்பிள்ளை