தடைக்காலத்தில் நிறுத்தப்போகிறார் என்றால்

அன்பு மகளுக்கு,

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மாப்பிள்ளை குடியை விடப்போவதாக எழுதியிருந்தாய். 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், நல்ல நேரம்தான். ஆனால் வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த விடாதே. ஆஸ்பத்திரிக்காரி பேச்சு என்று சலித்துக்கொள்ளாமல் படி.

தினம் இரண்டு குவார்ட்டர் என்றால் 360 மில்லி. பாட்டிலில் போட்டிருக்கும் 42.8 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் மட்டுமே ஏறக்குறைய 120 கிராம். பாய் விரித்த வத்தைப் படகில் காற்று வரும் பக்கம் நீட்டிய பலகையில் ஆள் ஏறி உட்காருவானே, அதுபோல, அமுக்கும் குடிக்கு எதிராக மூளை முறுக்கேறியே பழகியிருக்கிறது. காற்று திடுமென்று நின்றால் பலகையில் இருப்பவன் கனமே வத்தையைக் கவிழ்த்துவிடும்.

கடைசிக் குடி இரவு 10 மணிக்கு என்று வை. விடிவதற்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். கடலுக்குப் போனால் குடி மறந்துவிடும் என்று உன் கொழுந்தன் நாட்டுப்படகில் கூட்டிப்போகப் பார்ப்பான், விடாதே. நடுக்கடலில் வலிப்பு வந்தால் ஆள் தண்ணீரில்தான் விழுவார்.

மூன்றாம், நான்காம் நாள்தான் இன்னும் மோசம். பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத வலையை இழுப்பார், உடம்பு கொதிக்கும். காத்துக்கருப்பு என்பார்கள் வீட்டில். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கட்டிப்போடவும் கூடாது. ஏர்வாடியில் 2001இல் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல்தான் 28 பேர் செத்தார்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் ஊற்றாதே, இரும்பைத் தேடி ஓடாதே, 108ஐக் கூப்பிடு.

அதனால் 14ஆம் தேதியே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். தொண்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன். எத்தனை குவார்ட்டர், கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு உண்டா, மஞ்சள் காமாலை உண்டா என்று ஒளிக்காமல் சொல். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க குளோர்டயசெபாக்சைடு மாத்திரை கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். இவற்றை மருந்துக்கடையில் நீயாக வாங்காதே. அதன்மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடும்.

தெருமுனை கிளினிக்கில் 'தெம்புக்கு' என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குடிக்கிறவர் உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். குளுக்கோஸ் மிச்சத்தையும் தின்றுவிடும். பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, நினைவு குழம்பும். தயமின், அதாவது பி1 ஊசி போட்டீர்களா என்று கேள், வெட்கப்படாதே.

குழம்பில் கலக்கும் மாத்திரை பற்றி உன் நாத்தனார் சொன்னாளாமே. அந்த டைசல்பிராமை அவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் குடித்தும்விட்டால், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் இருக்கிறது. ஈரலைப் பார்த்துவிட்டு டாக்டரே எழுதட்டும்.

நடுவில் சந்தேகம் வந்தால் 14446, போதை மீட்புக்கான இலவச எண்.

ஜூன் 15இல் படகு போகும். திரும்பி வந்ததும் பங்குக்காசு கையில் விழும் அந்த நாள் நீயும் கரையில் நில்.

அம்மா