மாதாவுக்குச் சேலை தைக்கிற அம்மா எழுதுவது

வேலூர்,
ஆகஸ்ட் 18

அன்புள்ள கண்ணு,

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

நீ பெல்ஜியத்தில் புரூஜ் ஊர்க் கோயிலிலும் மியூசியத்திலும் எடுத்து அனுப்பிய மாதா சிலைப் படங்கள் வந்து ஒரு வாரம் ஆகிறது. வேலை தலைக்கு மேல். வேளாங்கண்ணியில் மாதா திருவிழாவுக்கு 29-ம் தேதி கொடி ஏறும், நம் பங்கிலும் அன்றைக்கே ஏற்றுகிறார்கள். நவநாளுக்கு நாளொரு சேலை என்று ஒன்பது, செப்டம்பர் 8 தேருக்கு ஒரு பட்டு. லாங் பஜாருக்கு மூன்று நடை போய்த் துணியும் சரிகை பார்டரும் எடுத்து வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை.

ஆரோக்கிய மாதாவுக்குத் தைப்பது மனுஷிக்குத் தைப்பது மாதிரி இல்லை. இடது கையில் குழந்தை இருப்பதால் சேலையைச் சுற்றிக் கட்ட முடியாது. கொசுவத்தை முன்கூட்டியே தைத்து, இடப்பக்கம் ஒரு பிளவு விட்டு, குழந்தையின் காலுக்குக் கீழே துணியைக் கொண்டுபோய் முதுகில் ஹூக் மாட்ட வேண்டும். பிளவு அரை அங்குலம் தவறினாலும் குழந்தையின் கால் துணிக்குள் போய்விடும். மாதா ஏதோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். மிச்சத் துணியில் அவனுக்கு ஒரு சட்டை. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண் கோலத்தில் நிறுத்தினாரே, அவருக்கு அந்தக் காலத்தில் யார் தைத்துக் கொடுத்தார்களோ என்று அடிக்கடி நினைப்பேன்.

உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீ யு.கே.ஜி. படிக்கும்போது நான் முதல்முறையாக மாதாவுக்குச் சேலை உடுத்தியதில் குண்டூசி மாட்டி இழுத்து, அவள் கையிலிருக்கும் குழந்தையின் சுண்டுவிரல் உடைந்துவிட்டது. பிளாஸ்டர் சுரூபம்தானே, அரிசி அளவு துண்டு. வயிறு கலங்கிப் போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடாமல் ஃபெவிகால் வைத்து ஒட்டி, உன் வாட்டர் கலர் டப்பாவில் இருந்து கொஞ்சம் எடுத்துப் பூசினேன். இன்றைக்கும் அந்த ஒரு விரல் மட்டும் கூடுதல் சிவப்பு. டப்பாவைக் காணோம் என்று நீ அழுததும் ஞாபகம் இருக்கிறது.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன்.

மியூசியத்தில் எடுத்த அந்தத் தந்த மாதா ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறாள். யானைத் தந்தம் வளைந்து இருப்பதால் சிலையும் வளைந்தது என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் கல்லில் செதுக்கினதும் அப்படித்தானே வளைகிறது? இடது இடுப்பில் பிள்ளையை வைத்துப் பார்த்தவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். பிள்ளையின் எடை இறங்க இறங்க இடுப்பு தானாக வெளியே தள்ளும், தோள் எதிர்ப்பக்கம் சாயும், வலது கை வேலைக்கு விட்டுவிடும். உன்னை அப்படி வைத்துக்கொண்டு நான் ஒற்றைக் கையால் தோசை வார்த்திருக்கிறேன், எதிர்வீட்டோடு சண்டையும் போட்டிருக்கிறேன். நம்ம கோயில் சுரூபம்தான் தூண் மாதிரி நேராக நிற்கிறது. செய்தவர் பிள்ளை தூக்கினதில்லை போலிருக்கிறது.

இறந்த இயேசுவை மடியில் கிடத்தியிருக்கிற வியாகுல மாதா சிலையின் படத்தைத் தையல்காரியாகத்தான் பார்த்தேன். 1499-ல் முடிக்கும்போது மைக்கலாஞ்சலோவுக்கு வயது 24-தான் என்றாய். அந்த வயதில் அவ்வளவு துணியை எப்படி நினைத்தான்! வளர்ந்த ஆம்பிளையைப் பொம்பிளை மடியில் கிடத்தினால் இரண்டு பக்கமும் வழியும். அதனால்தான் மாதாவை எழுந்து நின்றால் கூரை தட்டுகிற உயரத்துக்குச் செய்து, முட்டிக்கு முட்டி மடிப்பு மடிப்பாகத் துணியைக் குவித்திருக்கிறான். அக்குளுக்கு அடியில் தாங்குகிற கையைப் பார். விரலுக்கும் சதைக்கும் நடுவே துணி இருக்கிறது. 1972-ல் ஒருவன் சுத்தியலால் அவள் மூக்கையும் கையையும் உடைத்தான் என்று படித்தபோது என் சுண்டுவிரல் பாவம் கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. மைக்கலாஞ்சலோவுக்கு ஆறு வயதில் அம்மா செத்துப்போனதை நீ கடைசி வரியில் எழுதியிருந்தாய். அதை முதலில் எழுதியிருக்கலாம்.

ஆனால் அதே மைக்கலாஞ்சலோ செய்த புரூஜ் மாதாவைத்தான் என்னால் விட முடியவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை மடியில் இல்லை, முட்டிகளுக்கு நடுவே நிற்கிறான், இறங்கிப் போகப் பார்க்கிறான். இவளானால் அவன் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ கீழே பார்க்கிறாள். இது என்ன அம்மா? 1944-ல் ஜெர்மன்காரர்கள் மெத்தைகளுக்குள் ஒளித்துச் செஞ்சிலுவை வண்டியில் கடத்திப் போய், மறுவருஷம் ஆஸ்திரியா உப்புச் சுரங்கத்தில் கிடைத்த கதையை உன் நைனாவிடம் சொன்னேன். “ஒரே கல்லு, அதனால ரெண்டு பேரையும் பிரிக்க முடியலை” என்றார். அவருக்கு எப்போதும் ஒரு வரிதான்.

அப்புறம் நேற்று ராத்திரி மெஷினை மூடிவிட்டு மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் இடது கை அவன் கையைப் பிடித்திருக்கிறது. இறுக்கவில்லை. விடவும் இல்லை. காட்பாடியில் வண்டி கிளம்பும்போது, “என்னம்மா, கோபமா? மூஞ்சியைப் பார்க்கவே மாட்டேங்கற” என்று நீ கேட்டாயே. நான் உன் பெட்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை கண்ணு.

சின்ன வயதில் திருவண்ணாமலைப் பக்கம் சேத்துப்பட்டுக்குக் கூட்டிப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? தாராஸ் சாமியார் எழுப்பிய லூர்து மாதா கோயில். லூர்து மாதா கைகூப்பித்தான் நிற்பாள், குழந்தை இருக்காது. நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “பாப்பா எங்கம்மா?” என்று சத்தமாகக் கேட்டாய். கூட்டத்தில் திரும்பிப் பார்த்தார்கள். “உள்ளே தூங்குது” என்று சொல்லிவிட்டேன். நீ அதை நம்பிக் கடைசிவரை மெதுவாகவே பேசினாய்.

ஊறுகாயும் பருப்புப்பொடியும் அடுத்த வாரம் அனுப்புகிறேன். உன் தோள் அளவை எடுத்து அனுப்பு, பழைய அளவில் தைத்தால் சேராது என்று நினைக்கிறேன்.

ஒரு வேலை செய். மறுபடி அந்தக் கோயிலுக்குப் போனால் பிள்ளையின் காலைப் பார். ஒரு கால் கீழே இறங்குகிறது, மற்றது படியில் இருக்கிறதா, அவள் சேலைமேல் இருக்கிறதா என்று உன் படத்தில் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, கிட்ட விடமாட்டார்கள் என்கிறாய். ஃபோனில் பெரிதாக்கி ஒன்று எடுத்து அனுப்பு.

அம்மா