செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பிள்ளையை எடுக்கப் பணம் உண்டு, வீட்டில் வைத்திருக்க?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சமூகப்பணி, தாதியம், ஆசிரியம், மழலைப் பராமரிப்பு என்று பிள்ளைகளோடு சம்பந்தப்பட்ட வேலைகளில் இருக்கும் ரொறன்ரோத் தமிழர்களின் வட்டம் இது. ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்து ஆறஅமரக் கற்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அதன்படி, கனடாவின் முதற்குடி மக்கள், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளான ரிசேர்வுகளில் தாங்களே நடத்தும் பிள்ளைப் பாதுகாப்புச் சேவைகளை இவ்வாண்டுக்குரிய பொருளாக எடுத்தோம்.

“எங்கடை வீடுகளிலேயே ஆயிரம் பிரச்சினை இருக்கு, இது எங்களுக்கு என்னத்துக்கு?” என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. நியாயமான கேள்விதான். நம்மில் சிலர், ஆபத்தில் இருப்பதாகக் கருதும் பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்கும் அதிகாரமுள்ள பிள்ளைப் பாதுகாப்பு அமைப்பான சில்ரன்ஸ் எய்டில் வேலை செய்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டாலே தமிழ்த் தாய்மார் எப்படிப் பதறுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தை இந்த நாட்டில் நம்மைவிடப் பல மடங்கு, பல தலைமுறை அனுபவித்தவர்கள் முதற்குடி மக்கள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவில் 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளில் 7.7 வீதத்தினரே, முதற்குடிகளும் உள்ளடங்கிய பூர்வீகக் குடிகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 வீதம். இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் முதற் கூட்டத்தைத் தொடங்கினோம். கேள்வி கேட்ட அந்த ஐயா அதன்பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

வரலாற்றை நீட்டவில்லை. பூர்வீகப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி அங்கத்தவர்கள் ஓரளவு அறிவார்கள். அவ்வளவாக அறியாதது அதற்குப் பின் வந்த கட்டம். 1951இல், முதற்குடி மக்களுக்கான மத்திய அரசுச் சட்டமான இந்தியர் சட்டத்தில் சேர்த்த ஒரு திருத்தம் மாகாணச் சட்டங்கள் ரிசேர்வுகளுக்குள் நுழைய வழிவிட்டது. பணம் ஒதுக்காமல் அதிகாரத்தை மட்டும் கொடுத்த திருத்தம் அது. மாகாணப் பணியாளர்கள் வந்தார்கள். வறுமையைக் கண்டார்கள், அதைப் பராமரிப்பின்மை என்று எழுதினார்கள், பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்தாகவும் வளர்ப்புக்காகவும் போனார்கள். சிலர் எல்லை கடந்து அமெரிக்காவுக்கும் போனார்கள். மனிற்றோபாவில் இதை விசாரித்த நீதிபதி எட்வின் கிமெல்மன் 1985இல் தம் அறிக்கையில் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதினார். ஒரு நீதிபதி எழுதிய வார்த்தை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமது விவாதங்களில் அதிக நேரத்தை எடுத்தது பணம். எடுக்க வேண்டியதும் அதுதான் என்பது என் கருத்து. 1981இல் மனிற்றோபாவின் டகோட்டா ஒஜிப்வே மக்கள் தங்களுக்கென்று பிள்ளைப் பாதுகாப்பு முகவரகம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொடர்ந்து நாடெங்கும் இப்படிப்பட்ட முகவரகங்கள் எழுந்தன. ஆட்கள் அவர்களுடையவர்கள், மொழி அவர்களுடையது. ஆனால் சட்டம் மாகாணத்தினுடையது, காசு மத்திய அரசினுடையது. 1991இல் மத்திய அரசு ஒரு நிதிச் சூத்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயர் பணிப்புரை 20-1. ரிசேர்வில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணி, அவர்களில் 6 வீதத்தினரே பராமரிப்பில் இருப்பார்கள் என்று ஒரு அனுமானத்தை வைத்து, அதற்கேற்ப நிர்வாகச் செலவைக் கொடுத்தது. உண்மையில் 10 வீதமானாலும் சரி, 15 வீதமானாலும் சரி, கணக்கு மாறாது.

நம் வட்டத்தின் கணக்காளர் தங்கை இதைப் பலகையில் போட்டுக் காட்டியபோதுதான் விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. பிள்ளையை எடுத்து வளர்ப்புக் குடும்பத்தில் விட்டால், அந்தச் செலவு முழுவதையும் மத்திய அரசு திருப்பித் தரும். அதே பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? தாய்க்குக் குடிமறப்புச் சிகிச்சை, வீட்டுக்கு ஒரு கணப்பு, வாரம் இரண்டு தரம் வந்து உதவ ஒரு பெண். இதற்குரிய தொகையோ அந்த 6 வீதச் சூத்திரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. முகவரகத்தை நடத்துவது பிள்ளையின் சொந்த இனத்தவர்தான். ஆனாலும் மாத முடிவில் கையிருப்பைப் பார்த்தால் பிள்ளையை எடுப்பதற்குத்தான் காசு இருக்கும். மாகாணம் தன் பிள்ளைகளுக்குச் செலவிட்டதைவிடப் பிள்ளைக்கு 22 வீதம் குறைவாகவே ரிசேர்வுகளுக்குக் கிடைத்தது என்பதும் அந்தக் காலத்து ஆய்வுகளில் தெரியவந்தது. ஒன்ராறியோவில் மத்திய அரசும் மாகாணமும் 1965இல் செய்த தனி ஒப்பந்தம் ஒன்று நடைமுறையில் இருந்தாலும், அதுவும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை.

2007 பெப்ரவரியில் கிட்க்சான் இனத்தைச் சேர்ந்த சிண்டி பிளாக்ஸ்டொக் தலைமையிலான முதற்குடிப் பிள்ளைகள் நலச் சங்கமும் முதற்குடிகள் பேரவையும் சேர்ந்து மனித உரிமை ஆணைக்குழுவில் முறையிட்டன. அரசு என்ன செய்தது? வழக்கைத் தள்ளுபடி செய்விக்க ஆண்டுக்கணக்கில் போராடியது. அரசுத் திணைக்களங்கள் பிளாக்ஸ்டொக்கின் முகநூல் பக்கத்திலிருந்து தகவல் திரட்டியதை 2013இல் தனியுரிமை ஆணையர் உறுதிசெய்தார். 2016 ஜனவரி 26இல் கனடிய மனித உரிமைகள் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது: நிதிமுறை இனப் பாகுபாடு, அதுவே பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுக்கத் தூண்டியது. அதன்பிறகும் தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று அதே தீர்ப்பாயம் மீண்டும் மீண்டும் கட்டளையிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 23 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட இழப்பீட்டுக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் அனுமதி வழங்கியது 2023 அக்டோபரில்.

இதே வழக்கின் மறுபாதி ஜோர்டான் கோட்பாடு. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிறீ இனச் சிறுவன் ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன் பிறப்பிலிருந்தே கடும் உடற்குறைகளோடு வின்னிப்பெக் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவு மத்திய அரசுக்கா மாகாணத்துக்கா என்ற இழுபறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2005இல், ஐந்து வயதில், ஒரு நாள்கூட வீட்டில் தங்காமலே அவன் இறந்தான். முதலில் சேவையைக் கொடு, காசுச் சண்டையைப் பிறகு பிடி என்பதே அவன் பெயரால் 2007 டிசம்பரில் பாராளுமன்றம் ஒருமனதாக ஏற்ற கோட்பாடு. அந்தக் கூட்டத்தில் நம் தாதி அங்கத்தவர்கள் பேசியதை அப்படியே குறிப்பில் எழுதவில்லை. கோபத்தில் பேசியது.

மார்கழிக் கூட்டத்துக்கு வடமேற்கு ஒன்ராறியோவில் நீண்டகாலம் பிள்ளைப் பாதுகாப்புப் பணியாற்றி ஓய்வுபெற்ற அனிஷினாபே அம்மா ஒருவரை அழைத்தோம். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கும் எழுதவில்லை. இப்படி ஒரு மூத்தவரைப் பேச அழைப்பதானால் புகையிலை கொடுத்துத்தான் கேட்க வேண்டும். நாம் வெற்றிலை வைத்து அழைப்பதுபோல. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத நம் பொருளாளர் கடை கடையாகப் புகையிலை தேடியதும், கடைசியில் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்து அண்ணர் ஒருவர் அதைச் சிவப்புத் துணியில் பொட்டலமாகக் கட்டித் தந்ததும் இவ்வாண்டின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக நிற்கின்றன. அன்றைக்குப் பார்த்து நாம் முற்பதிவு செய்திருந்த மண்டபத்தை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அங்கத்தவர் ஒருவர் வீட்டு நிலவறையில்தான் கூட்டம் நடந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று. மேடையும் ஒலிவாங்கியும் இருந்திருந்தால் அவர் அப்படிக் கதைத்திருக்கமாட்டார்.

விமானத்தாலன்றிப் போகமுடியாத ரிசேர்வுகளைப் பற்றி அவர் சொன்னார். குளிர்காலத்தில் சில வாரங்கள் ஏரிகள் உறைந்தால் பனிப்பாதை உண்டு. அங்கிருந்து ஒரு பிள்ளையை எடுத்தால் விமானத்தில்தான் சூ லுக்அவுட், தண்டர் பே போன்ற தொலைவிலுள்ள நகரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் போய்ப் பார்க்க விமானக் கட்டணம் அவள் ஒரு மாத வருமானத்தை விழுங்கும். பார்க்க வராத தாய் என்று பிள்ளையின் கோப்பில் எழுதுவார்கள். ஊருக்குள்ளேயே பெரியம்மா வீட்டில் விடலாமென்றால், வளர்ப்பு வீட்டுக்கான மாகாண விதிகளுக்கு அந்த வீடு சரிவராது. அறைகள் போதாது, சுவரில் பூஞ்சணம், ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பம். அந்த வீட்டைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பில் இருந்ததும் மத்திய அரசுதான். பிள்ளை வளர ஏற்ற வீடில்லை என்று பிள்ளையை எடுக்கப் பணம் கொடுப்பதும் அதே அரசு.

இதற்கு அவர்கள் கண்ட வழி வழக்காற்றுப் பராமரிப்பு. ஒன்ராறியோச் சட்டம் 1984இலேயே இதை ஏற்றுக்கொண்டது. பெற்றோரால் முடியாத காலத்தில் பிள்ளையை யார் வளர்ப்பது என்பதை உறவினரும் ஊர்ப் பெரியவர்களும் அந்த முதற்குடியின் சபையும் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். பெற்றோரின் உரிமையைப் பறிக்கும் நீதிமன்றக் கட்டளை தேவையில்லை. பிள்ளை பாட்டன் பூட்டனுடைய ஊரிலேயே, தன் மொழி கேட்கும் தூரத்தில் வளரும். வடமேற்கில் 30 முதற்குடிகளுக்குச் சேவை செய்யும் டிக்கினாகன் முகவரகம் நடைபெறுவது இந்த முறையில்தான். பிள்ளையைப் பெரியம்மாவிடமும் அம்மம்மாவிடமும் விட்டு வளர்த்த நமக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தோம். ஆனால் அந்த அம்மா இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: சின்ன ஊரில் முகவரகப் பணியாளருக்கு எல்லோரும் உறவு. மச்சாள் வீட்டுக் கதவைத் தட்டிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டுவிட்டு, மறுநாள் அதே கடையில் அவளோடு வரிசையில் நிற்க வேண்டும். ஊரே நடத்தும் சேவையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

சட்டம் பற்றிய கூட்டங்களைச் சுருக்கமாகப் பதிகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்ப்லட்சின் மக்கள் 1980இலேயே தங்கள் பிள்ளைகள் மீதான அதிகாரம் தங்களுக்கே என்று சொந்தச் சட்டம் இயற்றினார்கள். அவர்களின் தலைவர் வெய்ன் கிறிஸ்டியனே சிறுவயதில் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டவர். அந்த அக்டோபரில் மக்கள் பேருந்துகளிலும் கார்களிலும் வன்கூவருக்கு ஊர்வலமாகப் போய், பொறுப்பான மாகாண அமைச்சர் கிரேஸ் மக்கார்த்தியின் வீட்டு வாசல் வரை சென்றார்கள். அமைச்சர் இறங்கிவந்தார், மத்திய அரசும் தடைசெய்யாமல் விட்டது. பின்னர் அதே வழியில் வந்த மற்றைய முதற்குடிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அந்தக் கதவு பொதுவாகத் திறக்க ஏறக்குறைய 40 ஆண்டு சென்றது. 2020 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் சி-92 சட்டம், பிள்ளை நலனில் சட்டமியற்றும் உரிமை பூர்வீகக் குடிகளுக்கு இயல்பாகவே உண்டு என்று ஏற்கிறது. வறுமை, போதிய வீடின்மை போன்ற காரணங்களுக்காக மட்டும் பிள்ளையை எடுக்கக்கூடாது என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. கியூபெக் மாகாணம் இதை எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 9இல் சட்டம் முழுவதும் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்த்தது. ஒன்ராறியோவின் வாபசீமூங், மனிற்றோபாவின் பெக்விஸ் முதலானவை தத்தம் சட்டங்களை நடைமுறைப்படுத்தியிருக்கின்றன. சஸ்கச்சுவானின் கவ்வெசஸ் 2021 ஜூலை 6இல் மத்திய, மாகாண அரசுகளோடு ஒப்பந்தம் செய்தது. இந்தச் சட்டத்தின் கீழ் கையெழுத்தான முதல் ஒப்பந்தம் அதுதான். இரண்டாண்டுக்கு 38.7 மில்லியன் டொலர்.

சி-92இன் குறை, அதில் நிதிக்கு உத்தரவாதமான ஒரு பிரிவும் இல்லாதது. உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பணத்தை ஒவ்வொரு முதற்குடியும் தனித்தனியே பேரம்பேசிப் பெறச் சொல்கிறது. பேரம்பேச வழக்கறிஞர் வைத்திருக்கும் முதற்குடிக்கும், இருநூறு பேர் மட்டும் வாழும் ரிசேர்வுக்கும் இது ஒரே கதவு இல்லை. நம் விவாதத்தில் சிலர் இந்தச் சட்டத்தை முழு வெற்றி என்றார்கள். செயலாளர் என்ற முறையில் அல்ல, அங்கத்தவர் என்ற முறையில் நான் உடன்படவில்லை.

நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில், முதற்குடிப் பிள்ளை நலச் சேவைகளைச் சீர்திருத்த மத்திய அரசு பத்தாண்டுக்கு 47.8 பில்லியன் டொலர் தரும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் கல்கரியில் கூடிய முதற்குடித் தலைவர்கள் 267க்கு 147 என்ற வாக்குகளால் அதை நிராகரித்தார்கள். இவ்வளவு பெரிய தொகையை ஏன் தள்ளினார்கள் என்று நம்மில் பலர் திகைத்தோம். வாசித்தபோது விளங்கியது: தங்களைக் கேளாமல் தயாரித்தது, தீர்ப்பாயத்தின் கண்காணிப்பு கைநழுவும், பத்தாண்டுக்குப் பிறகு என்ன என்பதற்குப் பதில் இல்லை. கறாரான ஆட்கள். 2025 பெப்ரவரியில் ஒன்ராறியோ முதற்குடித் தலைவர்களும் வட ஒன்ராறியோவின் நிஷ்னாபே அஸ்கி மக்களும் தங்கள் பங்குக்கு 8.5 பில்லியன் டொலரில் தனி ஒப்பந்தத்துக்கு வாக்களித்தார்கள்.

இனி நிர்வாக விடயங்கள். அங்கத்துவம் சென்ற ஆண்டைவிடச் சற்றுக் கூடியது. மாசிக் கூட்டம் பனிப்புயலால் தள்ளிப்போனது. துணைச் செயலாளர் எட்மன்டனுக்குக் குடிபெயர்வதால் அந்தப் பதவி வெற்றிடமாகிறது. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

சபையின் முன் இரண்டு பிரேரணைகள் உள்ளன. முதலாவது, சில்ரன்ஸ் எய்ட் கதவைத் தட்டினால் பெற்றோருக்கு என்ன உரிமை உண்டு, உறவினர் வீட்டில் பிள்ளையை விடக் கேட்பது எப்படி என்பதைத் தமிழில் ஒரு சிறு கையேடாக வெளியிடுவது. வழக்காற்றுப் பராமரிப்பைப் படித்ததன் நேர்ப் பலன் இது. உறவினர் பராமரிப்பு நமக்கும் சட்டத்தில் உள்ள வழி. அதைக் கேட்கத் தெரியாததால்தான் பல குடும்பங்கள் கேட்பதில்லை. இரண்டாவது, மீதமுள்ள தொகையில் ஒரு பகுதியை முதற்குடிப் பிள்ளைகள் நலச் சங்கத்துக்கு நன்கொடையாக அனுப்புவது. இதை நிர்வாகசபையில் ஒருவர் எதிர்த்தார். மண்டப முற்பணம் திரும்பி வரும்வரை பொறுக்க வேண்டும் என்பது அவர் வாதம். முற்பணம் இன்னும் வரவில்லை. வாக்கெடுப்பைத் தலைவர் நடத்துவார்.

செயலாளர்