சாவி யாரிடம் இருக்கிறது? கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு,

வணக்கம். டெல்டா கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊரில் புயல் பேச்சுதான். பெரியவர்கள் 52, 77 என்று வருடத்தை வைத்தே புயலைச் சொல்வார்கள். எங்கள் கணக்கு 2018. நவம்பர் 16 விடியும் முன்னே கஜா கரையேறியது.

எச்சரிக்கை வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2017இல் ஒக்கி வந்தபோது கடலுக்குள் கிடந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலருக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை. கஜாவுக்கு மைக் கட்டிய ஆட்டோ எங்கள் வாசல் வரை வந்தது. ஆனாலும் தெருவில் பலர் கிளம்பவில்லை.

பெரியப்பா ஆடுகளுக்காக இருந்துவிட்டார். நாலு ஆடு, முகாமில் விட மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு, கடன் வாங்கிப் போட்ட வலையையும் இன்ஜினையும் விட்டுவிட்டு வர மனசில்லை. அதெல்லாம் புயலில் போனால் இழப்பீடு கேட்க என்ன அத்தாட்சி என்றார். அவரைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடலாம், சுலபம். படகு, வலை, இன்ஜின் எல்லாவற்றையும் புரட்டாசியிலேயே போட்டோவோடு பதிந்து ஒரு சீட்டு கொடுத்திருந்தால் அவர் எங்களோடு வந்திருப்பார்.

நாங்கள் போனோம். முகாம் என்று சொன்ன கட்டடம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வேறு ஊர்க்காரர். அவர் வரும் வரை மழையில் நின்றோம். அப்புறம் உள்ளே போனால், கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, கழிவறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

நள்ளிரவு தாண்டிக் காற்று சட்டென்று நின்றது. புயல் போய்விட்டது என்று நினைத்து நாலைந்து பேர் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். புயலின் கண்தான், அதாவது நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் பகுதிதான், எங்கள் தலைக்கு மேல் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்ப்பக்கமிருந்து திரும்பி அடித்தது. முதல் அடிக்குத் தாங்கிய தென்னைகள் அதில்தான் விழுந்தன. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று மைக்கில் சொன்னவர்கள், காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஒடிசாவில் 1999 புயலில் பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேறினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. அங்கே புயல் காப்பகங்களை நடத்துவதில் அந்தந்த ஊர்க் குழுக்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊரிலும் மகளிர் குழுவில் இரண்டு பேரிடம் சாவியைக் கொடுங்கள். கட்டடத்தின் பின்புறம் ஆடு மாடு கட்ட ஒரு கொட்டகை போடுங்கள். ஒத்திகையைப் போட்டோவுக்கு வசதியாகப் பகல் பதினொரு மணிக்கு வைக்காமல், ஒருமுறை ராத்திரியில், கரண்டை நிறுத்திவிட்டு நடத்திப் பாருங்கள்.

இந்த வருடம் சாவி யாரிடம் என்று விசாரித்துச் சொன்னால் பெரியப்பாவிடம் சொல்லிவிடுவேன். இப்போது அவரிடம் ஆறு ஆடு இருக்கிறது.

இப்படிக்கு,
கஜாவைப் பார்த்த ஒருத்தி