திருப்புதல் தேர்வுத் தாளில் வெறும் ‘19’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டு முடிந்ததும் பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வு. திரும்பி வரும் கணிதத் தாளில் சிவப்பு மையில் 19 என்று மட்டும் இருக்கும். எங்கே விட்டோம், அடுத்து எதைப் பிடிக்கலாம் என்பது அந்த எண்ணில் இல்லை. மூன்றாம் திருப்புதலில் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு எழுந்து போவது பல நேரம் சோம்பலால் அல்ல, இதனால்தான்.

முதல் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டுப் பகுதிவாரியாக மதிப்பெண் எழுதலாம். ஒரு மதிப்பெண் வினாக்களில் 14-க்கு 6, இரண்டு மதிப்பெண்ணில் 20-க்கு 4, ஐந்து மதிப்பெண்ணில் 50-க்கு 5, வடிவியலும் வரைபடமும் சேர்ந்த 16-க்கு 4. இதுவும் அதே 19 தான். ஆனால் ஐந்து மதிப்பெண் பகுதியில் கூடுதலாக எதுவும் எடுக்காமலே, 9, 8, 5, 13 என்று தேர்ச்சிக்கான 35-ஐ எட்ட வழி இருப்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அந்த 13 வடிவியலிலும் வரைபடத்திலும் கிடைக்கும். வடிவொத்த முக்கோணத்தில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: அடிப்பக்கம் BC-யின் B முனையிலிருந்து சாய்வாக வரையும் கதிரில், சம இடைவெளியில் குறித்த கடைசிப் புள்ளியைத்தான் எப்போதும் C-யுடன் இணைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அளவுகாரணி (புதிய முக்கோணத்தின் பக்கம் பழையதில் எத்தனை மடங்கு என்பது) 3/5 என்றால் 5 புள்ளி, ஐந்தாவதை C-யுடன் இணைத்து, மூன்றாவதிலிருந்து இணைகோடு. 7/3 என்றால் 7 புள்ளி, ஆனால் மூன்றாவதை C-யுடன் இணைத்து, ஏழாவதிலிருந்து இணைகோடு. அடிப்பக்கத்தையும் நீட்ட வேண்டும். இணைப்பது பகுதி எண் (கீழே இருப்பது), இணைகோடு தொகுதி எண் (மேலே இருப்பது). இதைப் பத்து முறை வரையவிடுங்கள், வாயால் ஒப்பிக்கவிடாதீர்கள். வரைபடத்தில் (−3)²-ஐ −9 என்று எழுதுவதால்தான் பரவளையம் கோணலாகிறது. அட்டவணையில் x² வரிசையில் குறை எண்ணே வரக்கூடாது என்று சொன்னால், தவறைப் பிள்ளையே பிடித்துவிடும். அளவுத்திட்டம் எழுத மறப்பதையும் கவனியுங்கள்.

திருத்துவதில் இரண்டு பிழை நடக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டுக்காக 27-ஐ 35 ஆக்குவது ஒன்று. அந்தப் பிள்ளை இனிப் படிக்கத் தேவையில்லை என்று நம்பிவிடும். கடைசி விடை தவறு என்று முழுக் கணக்கையும் அடித்துப் பூஜ்யம் போடுவது மற்றொன்று. பொதுத்தேர்வில் படிநிலை மதிப்பெண் உண்டு; சூத்திரத்துக்கும் சரியாகப் பிரதியிட்டதற்கும் உரியதை இங்கேயும் கொடுக்க வேண்டும்.

தாள் மறுநாளே கைக்கு வரவேண்டும். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் என்ன நினைத்து எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும். தவறவிட்டதில் இரண்டு கணக்கை மட்டும் வகுப்பிலேயே திரும்பப் போடச் சொல்லி, புதிய மதிப்பெண்ணைப் பழையதன் பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள். மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள். முதல் மாணவரோடு ஒப்பிடுவதால் 19 எடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. தன் முந்தைய தாளோடு ஒப்பிட்டால் பயன் உண்டு.

கல்வி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்புதல் தேர்வு முடிந்ததும் கேட்கும் பகுப்பாய்வில், எத்தனை பேர் தேர்ச்சி என்பதோடு, முந்தைய தேர்வைவிட எத்தனை பேர் எந்தப் பகுதியில் கூடுதலாக எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
விழுப்புரம் மாவட்டம்