எங்களுக்குச் சபை காட்டியவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான எல்லோருக்கும், எங்கள் அன்பான அண்டை வீட்டாருக்கும்,

ஸ்தோத்திரம், வணக்கம்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் பெயர்களை வாசித்து, சபையாக எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார்கள். அங்கேயே நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களே இல்லை. சிலர் வேறு திருச்சபையினர், சிலர் வேறு மதத்தினர். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது யார் யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

சின்ன ஊர்தானே, சபை தேடுவது என்ன பெரிய வேலை என்று வெளியூர் உறவினர்கள் கேட்டார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் ஊரில் அது அவ்வளவு எளிதில்லை. இங்கே சபை முதலில் ஆட்களாக வருகிறது, கட்டடம் எத்தனையோ வருடம் கழித்துத்தான் எழும்புகிறது. அதுவரை பள்ளிக்கூட அரங்கு, யாரோ ஒருவரின் மாடி, வாடகைக் கூடம் என்று ஆராதனை நடக்கும். ஒப்பந்தம் முடிந்தால் இடம் மாறும். பெயர்ப்பலகை ஞாயிறு காலையில் வெளியே வந்து மதியம் உள்ளே போய்விடும். கைப்பேசி வரைபடம் காட்டும் முகவரிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், அங்கே கூடிய சபை எப்போதோ வேறு தெருவுக்குப் போயிருக்கும். யாரிடமாவது கேட்கலாம் என்றால், அந்தத் தெருவில் இருப்பவர்களும் நம்மைப் போலப் புதிதாகக் குடிவந்தவர்கள்தான்.

எங்களுக்கு அவசரமும் இருந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம், முழங்கால் வலி. வீட்டில் ஜெபம் நடக்கும், வேதம் வாசிப்பார், பழைய சபையின் ஆராதனையைத் திரையிலும் பார்ப்பார். ஆனால் திருவிருந்தில் தரும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் திரை வழியாகக் கையில் வாங்க முடியாதே. ஒவ்வொரு ஞாயிறும் குளித்துத் தயாராகி உட்கார்ந்துகொண்டு, ‘இன்றைக்கு எங்கேயாவது போகிறோமா?’ என்று கேட்பார். அதைக் கேட்பது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. உங்களுக்கும் எங்கள் ஆராதனைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த அன்றே, ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பள்ளிக்கூடம் பக்கம் நடந்து போகும்போது பாட்டுச் சத்தம் கேட்கும், உங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்’ என்று சொன்னீர்கள். எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. பிலிப்பி பட்டணத்துக்குப் புதிதாக வந்த பவுலும் கூட இருந்தவர்களும், ஓய்வுநாளில் ஊருக்கு வெளியே ஆற்றோரம் ஜெபிக்கிற இடம் இருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். ஆலயம் எதுவும் இல்லை, கூடியிருந்த சில பெண்கள்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான லீதியாளும் தியத்தீரா ஊரிலிருந்து வந்தவர், இரத்தாம்பரம் என்ற ஊதா நிறத் துணி விற்றுப் பிழைத்தவர். பிலிப்பியில் சபை அவர் வீட்டில்தான் கூடத் தொடங்கியது. பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்களால்தான் சபை வளர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது மனம் கொஞ்சம் தேறியது.

அடுத்து, பங்கு அலுவலகத்துச் சகோதரிக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில் கூடுவது எந்தத் திருச்சபை என்று தெரியாமல்தான் உங்களிடம் விசாரிக்க வந்தோம். இந்த ஊரில் கோபுரமும் சிலுவையுமாகக் கண்ணுக்குத் தெரிவது உங்கள் கத்தோலிக்க ஆலயம் ஒன்றுதான். அதனால் எந்தத் திருச்சபைக்காரராக இருந்தாலும் புதிதாக வருகிறவர்கள் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் முறையில் பங்கு என்பது பொதுவாக நில எல்லையை வைத்துப் பிரிப்பது, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு கத்தோலிக்கக் குடும்பம் குடிவந்தால் அவர்கள் எந்தப் பங்கு என்பது வீட்டு முகவரியிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தீர்கள். ஊரில் உள்ள எல்லாச் சபைகளின் பெயர், கூடும் இடம், நேரம் எல்லாம் உங்கள் கையெழுத்தில். சில வரிகளை அடித்து மேலே புது இடம் எழுதி, அதையும் அடித்து ஓரத்தில் இன்னொன்று எழுதியிருந்தீர்கள். யாரும் கேட்காமலே, வருகிறவர்களுக்கு உதவுமே என்று நீங்களாகச் சேர்த்து வைத்த தாள் அது. பள்ளிக்கூடம் என்ற வரிக்கு நேரே எங்கள் திருச்சபையின் பெயர் இருந்தது. ஆனால் அடுத்த ஆராதனை எப்போது என்று மட்டும் அதில் இல்லை. விடுமுறைக்காகப் பள்ளியைப் பூட்டியிருந்த சமயம் அது.

இன்னொன்றுக்கும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பள்ளி திறக்கும் வரைக்கும் உங்கள் ஆராதனையான திருப்பலிக்கு வரலாமா என்று கேட்டோம். தாராளமாக வாருங்கள் என்றீர்கள். அங்கே தரும் திருவிருந்தான நற்கருணையைப் பொதுவாகக் கத்தோலிக்கர்கள்தான் பெறுவார்கள் என்பதையும் மென்மையாக அப்போதே சொல்லிவிட்டீர்கள். அம்மா வரிசையில் நின்று, கையை நீட்டி, அதன் பிறகு தெரிந்துகொள்ள நேர்ந்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்வதும் ஒரு பெரிய உபகாரம்.

மாடி வீட்டில் சபை நடத்தும் பெந்தெகொஸ்தே போதகர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உங்கள் வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருக்கிறீர்கள். சிரியாவில், யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்பஸ் என்ற பழைய நகரத்தை 1930களில் அகழ்ந்தபோது ஒரு வீட்டுச் சபை கிடைத்தது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கேயும் நடுச்சுவரை எடுத்துத்தான் கூட்டம் கூடும் அறையை அமைத்திருந்தார்கள், பக்கத்திலேயே ஞானஸ்நானத் தொட்டியும் இருந்தது. இதை நான் சொன்னதும் உங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறக்க மாட்டேன்.

அன்று உங்கள் சபையார் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். ஆராதனை முடிந்ததும் நீங்கள் எங்களை விட்டுவிட்டு நேரே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, ‘அம்மா, உங்களுக்கு எது வேண்டும்?’ என்று கேட்டீர்கள். வயதானவர்களைப் பற்றி மற்றவர்களிடம்தான் எல்லோரும் கேட்பார்கள், அவர்களிடமே கேட்கிறவர்கள் குறைவு. திருவிருந்தும், சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த ஜெபங்களும், தெரிந்த பாட்டுகளும் வேண்டும் என்றார் அம்மா. நீங்கள் மறைக்காமல் பேசினீர்கள். உங்களிடம் உறுப்பினராகச் சேர, விசுவாசித்தபின் எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் தேவை. குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தைத் தன் உயிராக நினைக்கும் ஒருவரை இந்த வயதில் அந்தக் கேள்விக்குள் தள்ள உங்களுக்கு மனமில்லை. சரி, என்றைக்கும் நம் வீடு உங்களுக்குத் திறந்திருக்கும், ஆனால் அம்மாவுக்கு அவருடைய சபைதான் வேண்டும் என்று சொல்லி, பள்ளியில் கூடும் சபையின் போதகரை நீங்களே தொலைபேசியில் அழைத்து, எங்கள் முன்னாலேயே பேசினீர்கள். நாங்கள் அங்கேயே தங்கிவிட்டால் உங்கள் சிறிய சபைக்கு ஒரு குடும்பம் கூடியிருக்கும். எங்களைப் பிடித்து வைக்காமல் அனுப்பி வைத்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதத் தோன்றியது. கொள்கையில் நமக்குள் இருக்கும் வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே நீங்கள் எங்களைச் சகோதரராக நடத்தினீர்கள்.

முந்தைய சபையின் போதகருக்கும் நன்றி. சபை மாற்றுக் கடிதம் என்றால் ஞானஸ்நானம், திடப்படுத்தல் தேதிகளோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். நீங்கள் அதன் கீழே, ‘தாயாருக்கு இடது காதில்தான் ஓரளவு கேட்கும், வலது ஓரத்தில் உட்கார வைத்தால் நல்லது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ரோமர் 16இல் பவுல் பெபேயாள் என்ற சகோதரியை ரோமாபுரிச் சபையிடம் இப்படித்தான் ஒப்படைக்கிறார்: அவரை ஏற்றுக்கொள்ளுங்கள், எந்தக் காரியத்தில் உதவி தேவையோ அதில் உதவுங்கள் என்று. அந்த ஒரு வரி இங்கே எவ்வளவு வேலை செய்தது என்பதை நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

இனி எங்கள் சபைக்கு. ‘எங்கள்’ என்று எழுதுவதே சந்தோஷமாக இருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் வந்து நாற்காலி போட்டு, பீடத்துக்கு விரிப்பு விரித்து, ஒலிபெருக்கி பூட்டி, ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிட்டுப் போகிற தம்பிமார்களே, நாங்கள் இரண்டாம் தடவை வந்தபோது ஒலிபெருக்கி ஒன்று அம்மாவின் இடது காதுப் பக்கம் நகர்ந்திருந்தது. அடுத்த வாரமும் இடம் மாறிவிடக் கூடாது என்று தரையில் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வைத்திருந்தீர்கள். அம்மா அன்று பிரசங்கத்தை முழுதாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து எங்களுக்கே திருப்பிச் சொன்னார்.

பாடகர் குழுவிலிருக்கும் அக்கா, நீங்கள் பாட்டு எண்களைக் கெட்டி அட்டையில், தடித்த பேனாவால், உள்ளங்கை அளவு எழுதிக் கொடுக்கிறீர்கள். எண்ணுக்குக் கீழே பாட்டின் முதல் அடி. இடையில் அம்மா வரியைத் தவறவிட்டால், பாடிக்கொண்டே உங்கள் விரலைப் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக் காட்டுகிறீர்கள். அந்த அட்டைகளை அம்மா வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்.

மகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பும் முன் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியர்கள் முகம் சுளிக்கவில்லை. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், கதவு திறந்தே இருக்கும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்று நீங்களே காட்டினீர்கள். காணிக்கைக் கணக்கும் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. சபை தேடுகிறவர்கள் இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுவார்கள், விசுவாசக் குறைவு என்று யாராவது நினைப்பார்களோ என்று பயப்படுவார்கள். கேட்கத்தான் வேண்டும். நல்ல சபை அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

போதகர் ஐயா, முழங்கால் வீங்கி அம்மா வர முடியாத வாரத்தில், ஆராதனை முடித்த கையோடு நீங்களும் மூப்பர் ஒருவரும் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தீர்கள். சுமார் 155ஆம் ஆண்டில் ரத்தசாட்சி ஜஸ்டின், ரோமப் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வேத வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் ரசமும். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வழியாக அவர்களுடைய பங்கு போய்ச் சேரும். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும், கூடவே வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கும். அந்தப் பட்டியலில் நோயாளியும் நாங்கள்தான், வெளியூர்க்காரரும் நாங்கள்தான். இரண்டு வகையிலும் எங்களைக் கவனித்துக்கொண்டீர்கள்.

அரங்கைத் தரும் பள்ளி நிர்வாகத்துக்கும், ஞாயிறு விடுமுறையிலும் வந்து வாசலைத் திறந்துவிடும் காவலாளி அண்ணனுக்கும் நன்றி. சக்கர நாற்காலிக்காகப் பின்வாசல் சரிவுப் பாதையைத் திறந்துவிடச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை, அண்ணன் பார்த்துப் புரிந்துகொண்டார்.

கடைசியாக ஒரு செய்தி. பங்கு அலுவலகத்துச் சகோதரியின் தாளை எங்கள் மகள் அவருடைய அனுமதியோடு தட்டச்சு செய்து, எல்லாச் சபைகளையும் கேட்டு நேரங்களைச் சரிபார்த்திருக்கிறாள். மாடிப்படி உண்டா, சரிவுப் பாதை உண்டா என்பதையும் சேர்த்திருக்கிறாள். பங்கு அலுவலகத்திலும் பள்ளி வாசலிலும் மாடி வீட்டுச் சபையிலும் பிரதிகள் இருக்கும். இடமோ நேரமோ மாறினால் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடுங்கள், முக்கியமாகக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முன்னால். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது ஞாயிறு காலையில் போக வண்டி இல்லாமல் இருந்தால், எந்தச் சபைக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னால் போதும், எங்களுக்குத் தகவல் வந்துவிடும். பின் இருக்கையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. முன் இருக்கை அம்மாவுக்கு.

நன்றியுடன்,
பள்ளி அரங்குச் சபையின் புதுக் குடும்பம்