களை என்று பிடுங்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத்தோட்டத்திற்குப் பட்டாம்பூச்சிகளை வரவழைக்கும் பூச்செடிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான குறிப்பைப் படித்தேன். ஜினியா, காஸ்மாஸ், துலுக்கச் சாமந்தி ஆகியவற்றை ஆடிப்பட்டத்தில் விதைத்தால் இரண்டே மாதத்தில் வாசல் முழுக்கப் பட்டாம்பூச்சி பறக்கும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அது பொய்யன்று. அந்தப் பூக்களில் தேன் உண்டு. பட்டாம்பூச்சிகள் வந்து குடிக்கவும் செய்யும். ஆனால், காட்பாடியில் சரளை கலந்த செம்மண் மனையில் பத்தாண்டுகளுக்கு மேலாகச் செடிகளோடு பழகிவரும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை என்ற முறையில், அந்தக் குறிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேற்சொன்ன மூன்றும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவை. தேன் குடிக்க வரும் பட்டாம்பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். அது நம் வீட்டில் தங்க வேண்டுமானால் முட்டையிட இடம் வேண்டும். அந்த இடத்தை அது பூவைப் பார்த்துத் தேர்வதில்லை, இலையைப் பார்த்துத் தேர்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு கண்ட இலையையும் தின்னாது. பெரும்பாலான இனங்களுக்கு இன்னின்ன செடி என்று உண்டு; அது இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர, பக்கத்துச் செடிக்குப் போகாது. வட அமெரிக்காவில் கோடையின் கடைசியில் தங்கள் காட்டுப்பூக்களான ஆஸ்டரையும் கோல்டன்ராடையும் வீட்டில் வளர்க்கச் சொல்கிறார்கள் என்றால், அந்த மாதங்களில் மெக்சிகோ நோக்கிப் பறக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிக்கு வழிநடைத் தீனியாக அவை அங்கே பூக்கின்றன என்பதே காரணம். அந்த அறிவுரையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய விதைப் பொட்டலத்தை அன்று. அவரவர் மண்ணில், அவரவர் பருவத்தில் தானாகப் பூப்பது எது என்று பார்க்கும் வழக்கத்தைத்தான்.

நம் மாவட்டத்தில் அந்தப் பருவம் ஆடியில் தொடங்குகிறது. அக்னி நட்சத்திரத்தில் சுட்டுக் கிடந்த தரை, மாலை நேரத்து இடிமழை நான்கைந்து விழுந்ததும் பச்சை பிடிக்கிறது. ஆவணியில் தும்பை வெள்ளை வெள்ளையாக நிற்கும். பூவாங்குருந்தல் ஊதாப் பொட்டு வைத்துக்கொள்ளும். வேலியோரத்தில் கிலுகிலுப்பை மஞ்சளாகப் பூக்கும். புல்லுக்கிடையே உற்றுப் பார்த்தால் ஒற்றை இளஞ்சிவப்பு இதழோடு ஓரிதழ் தாமரை தென்படும். யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நாம் செய்வதெல்லாம், நவராத்திரிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி, அவை பூத்துக் குலுங்கும் நேரம் பார்த்து வேரோடு பிடுங்கிப் போடுவதுதான்.

எருக்கையே எடுத்துக்கொள்வோம். விநாயகர் சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலையைக் கேட்ட விலை கொடுத்து வாங்கும் நாம், அதே எருக்கு வாசலோரம் முளைத்தால் ஆகாது என்கிறோம். வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி முட்டையிடத் தேடி வரும் செடி அது. முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கூடு கட்டி, சிறகோடு வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எருக்கம்பாலின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை அதைக் கொத்தித் துன்பப்பட்ட பறவை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப்போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், வேறோர் இனத்துப் பெண் பட்டாம்பூச்சி, தன்னிடம் நஞ்சு ஏதும் இல்லாமலே, வெந்தய வரியனின் உடையை அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறது. அதன் புழுவுக்கு உணவு, நாம் கூட்டுக்கும் மசியலுக்கும் பறிக்கும் பருப்புக்கீரை. எருக்கும் பருப்புக்கீரையும் அருகருகே நின்றால் அசலும் நகலும் ஒரே தோட்டத்தில் பறக்கும். எது எது என்று கண்டுபிடிக்க எனக்கே சில வேளைகளில் நேரம் பிடிக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு என்பதால், குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி, மதிலோரமாக ஒன்று இருந்தால் போதும்.

ஆடுதின்னாப்பாளைக்கும் இதே கதைதான். தரையில் படரும் சிறு கொடி; பெயரே சொல்வதுபோல் ஆடுகூடத் தொடாது. ஆனால் கரிய சிறகும் சிவந்த உடலும் கொண்ட பெரிய பட்டாம்பூச்சிகள் அதைத் தேடிப்பிடித்து முட்டையிடும். இக்கொடியை நாட்டு மருந்தாக உட்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது ஐயமறத் தெரிந்த செய்தி. ஆகவே அதைப் பட்டாம்பூச்சிக்கு மட்டும் விட்டுவிடுவது நல்லது.

ஆவாரையைப் பற்றிச் சொல்லாமல் வேலூர்க்காரர் யாரும் செடியைப் பற்றிப் பேச முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையே பதனிடும் பொருளாக இருந்தது. வாட்டில் என்னும் அயல்மரத்தின் பட்டையும் குரோமியமும் பின்னால் வந்தவை. குரோமியக் கழிவு பாலாற்றங்கரையை எப்படிக் கெடுத்தது என்பது வாசகர்கள் அறிந்ததே. அது இக்கடிதத்தின் பொருளன்று. தொழில் கைவிட்ட அந்த ஆவாரை இன்றும் மலையடிவாரங்களிலும் சாலையோரங்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் பொன்னிறமாகப் பூக்கிறது. வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிகளும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் அதன் இலையில் வளர்கின்றன. வீட்டில் வைக்க அதைவிட அடக்கமான புதரை நான் அறியேன். பூவைத் தேநீருக்குப் பறித்துக்கொண்டாலும் இலையை விட்டுவைத்தால் போதும்.

கிலுகிலுப்பைக்கு வேறொரு வேலை உண்டு. நீல வரியன், வெந்தய வரியன் முதலிய பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் அதன் வாடிய தண்டிலும் காயிலும் மொய்த்து ஒருவகைக் கசப்புச் சாரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. பெண்ணைக் கவரும் மணத்தை அவை அதிலிருந்துதான் ஆக்குகின்றன. காய்ந்துவிட்டதே என்று எறிய இருந்த கிலுகிலுப்பைக் கொத்தை ஒரு புரட்டாசியில் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் கொத்தே தெரியவில்லை, சிறகுகள்தாம் தெரிந்தன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய நாள்களில் நீல வரியன்களும் கருப்பன் என்னும் பட்டாம்பூச்சிகளும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிக் கூட்டமாக நகர்கின்றன. சவ்வாது மலையும் ஏலகிரியும் கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தவையே என்பதால், அந்தப் பயணத்தில் ஒரு வேளை உணவுக்கு நம் வாசலும் உதவலாம்.

இடமில்லாதவர்கள் மாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் வளர்க்கலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அவற்றின் இலை எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு உணவு. டிசம்பர் பூவின் இலையில் கண் வரைந்த சிறகுடைய பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் வளரும். கொடிவேலி என்கிற சித்திரமூலத்தில் வரிவரியான சிறு நீலன் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். தும்பை விதையை மார்கழியில் காய்ந்த கொத்துகளிலிருந்து உதிர்த்து வைத்து, ஆனிக் கடைசியில் மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும், மூட வேண்டாம். ஆவாரை, கிலுகிலுப்பை விதைகளின் தோல் கெட்டியானது. சொரசொரப்பான தரையில் இலேசாகத் தேய்த்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். உரம் வேண்டியதில்லை. கொழுத்த மண்ணில் இவை தழைக்குமே தவிரப் பூக்கத் தயங்கும். விதையைச் சாலையோரத்திலும் தரிசிலும் சேகரியுங்கள். காப்புக்காட்டுக்குள் போய்ச் செடி பெயர்ப்பது சட்டப்படி குற்றம். அளவுமீறிப் பிடுங்கப்படுவதால் நன்னாரிக்கும் செங்காந்தளுக்கும் நேர்ந்துவரும் கதியைப் பார்த்தால், சட்டம் இல்லாவிட்டாலும் செய்யத் தகாதது.

மருந்து தெளிப்பதைப் பற்றி என் தவறையே சொல்கிறேன். எலுமிச்சங்கன்றின் இலையில் காக்கை எச்சம்போல் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டு, ஏதோ பூச்சி என்று வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தேன். பச்சைப் புழுவாவதற்கு முன் எலுமிச்சை அழகியின் குஞ்சுப்புழு எச்சம்போலத்தான் இருக்கும் என்பது ஆசிரியையான எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வாரத்திற்குள் அத்தனையும் தோலுரிக்க முடியாமல் செத்துப்போயின. வேம்பு வேலை செய்யும் விதமே அதுதான். இயற்கை மருந்து என்று பெயர் இருப்பதால் புழுவுக்கு அது தீங்கு செய்யாது என்று நினைக்க வேண்டாம். இலையில் ஓட்டை விழுந்தால்தான் சிறகு வரும். கத்தரிக்கும் வெண்டைக்கும் தெளிக்க வேண்டியிருந்தால் அவற்றைத் தள்ளி வையுங்கள்.

ஒரு நியாயமான எதிர்ப்பையும் நான் கேட்டிருக்கிறேன். செடி கொடி மண்டினால் கொசு வரும், டெங்கு வரும் என்பார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில். பழைய டயர், தேங்காய் ஓடு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, மூடாத தொட்டி ஆகியவையே அதன் பிறப்பிடம். தும்பையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தேங்காய் ஓட்டை அங்கேயே விட்டுச் செல்லும் துப்புரவால் யாருக்கும் பயனில்லை. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்தது அதுவே. மழைக்கு முந்தைய சுத்தம் என்று வந்தவர்கள், காலி மனையில் நின்ற எருக்கை, அதிலிருந்த பதினான்கு புழுக்களோடு (நான் அன்று காலையில்தான் எண்ணியிருந்தேன்) வெட்டிக் குவித்தார்கள். பத்தடி தள்ளி இடுப்பளவு நின்ற பார்த்தீனியம் என்னும் அயல்நாட்டு நச்சுக்களையை, அது பூத்து அழகாக இருந்ததாலோ என்னவோ, தொடவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. எதை விடுவது, எதை எடுப்பது என்று அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அயல்செடி எல்லாம் பகை என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளைகள் தாத்தாப்பூ என்று கிள்ளி விளையாடும் வெட்டுக்காயப் பூண்டும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் தேனுக்குச் சின்னப் பட்டாம்பூச்சிகள் நாள் முழுவதும் வருவதால் நான் அதைப் பிடுங்குவதில்லை. உண்ணிச்செடி அப்படியன்று. நாற்றங்கால்களில் பல நிறங்களில் அதை விற்கிறார்கள். பட்டாம்பூச்சிகளும் விரும்பி வருகின்றன. ஆனால் பறவை தின்று போடும் விதை மலைக்காட்டில் முளைத்துப் பிற செடிகளை அமுக்கிவிடுகிறது. அதை மட்டும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தபோது பலரும் மகிழ்ந்தோம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது. நம் வாசலுக்கு வராது. நமக்கு வாய்த்தது வெந்தய வரியன். அதற்காக நான் கேட்பவை சிலவே. உள்ளாட்சி அமைப்புகள் மழைக்கு முந்தைய துப்புரவில் பார்த்தீனியத்தையும் தண்ணீர் தேங்கும் குப்பையையும் முதலில் அகற்றட்டும். போக்குவரத்துக்கும் வடிகாலுக்கும் இடையூறு இல்லாத இடங்களில் நிற்கும் தும்பை, எருக்கு, ஆவாரை ஆகியவற்றை விதை முற்றும் மார்கழி வரை விட்டுவைக்கட்டும். நாற்றங்கால் வைத்திருப்போர் ஆடி மாதத்தில் ஆவாரையிலும் கிலுகிலுப்பையிலும் பத்துப் பைகளாவது போட்டு வைத்தால், கேட்டு வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டியிராது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தும்பையும் பார்த்தீனியமும் வெள்ளைப் பூவோடு நிற்கும்போது பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தும்பையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், பூ உதடு பிளந்ததுபோல் இருக்கும். பார்த்தீனியத்தின் இலை கேரட் தழைபோல் கிழிந்து கிழிந்து இருக்கும், பூ பொடிப்பொடியாகக் கொத்துக் கட்டியிருக்கும். அடுத்த வீட்டுத்தோட்டப் பகுதியில் இவ்விரண்டின் படங்களையும் அருகருகே, வண்ணத்தில், கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். புரட்டாசி பிறப்பதற்கு முன் வந்தால் எங்கள் தெருத் துப்புரவுப் பணியாளர்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.